கடதாசிப் பூவும் கைக்கூலியும்

கலியாண வீட்டு வேலைக்குக் கூலி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மிடையே எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. சமையற்காரருக்குக் கொடுக்கிறோம். பந்தற்காரருக்குக் கொடுக்கிறோம். வீடியோக்காரர் முற்பணம் வாங்காமல் வாசலுக்கே வரமாட்டார். ஆனால் வீட்டுக்குள் பெண்கள் இருந்து செய்கிற வேலைக்கு விலை இல்லை. அதை 'வேலை' என்று சொல்லவே நாக் கூசுகிறது, 'ஒத்தாசை' என்கிறோம். இந்த ஒத்தாசையின் ஒரு சின்னப் பகுதியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கடதாசிப் பூவைப் பற்றி.

2025 ஜூன் மாதம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த இரண்டாம் கிழமை, யாழ்ப்பாணம் சோனகதெருப் பக்கத்தில் ஒரு நிக்காஹ். எங்களுக்கு அயல் வீடு. (நான் படிப்பிப்பது வலிகாமத்துக் கிராமம் ஒன்றில், குடியிருப்பது இங்கே.) பூவேலை முழுவதையும் செய்தவள் மாலையில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தாள். வயது பதினேழு. வாப்பா இல்லை. மணமகளின் உம்மா அவளுக்குத் தூரத்து உறவில் மாமி முறை. கிறேப் கடதாசிச் சுருள்களும் கம்பியும் ஒரு பையில் வந்து இறங்கின. "எங்கட பிள்ளைதானே, செய்து தரட்டும்" என்பது கூடவே வந்த செய்தி.

என்னென்ன தேவைப்பட்டது? முன்னால் நடந்து வரும் சிறுமிகள் ஆறு பேருக்குத் தலைவளையம், ஒன்றுக்குப் பதினைந்து பூ. தோழிகள் எட்டுப் பேருக்குக் கைப்பட்டி, ஒன்றுக்கு மூன்று பூ. மாப்பிள்ளையோடு வரும் ஆண்களின் சட்டைப் பையில் குத்த ஐம்பது. மணப்பெண்ணின் கொண்டையைச் சுற்றி வைக்க முப்பத்தாறு. கூட்டினால் இருநூறு பூ. கணக்குப் பிள்ளை என்பதால் அவளே கூட்டி வைத்திருந்தாள்.

ஒரு பூவுக்கு என்ன செல்லும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆசிரிய கலாசாலையில் கைப்பணி வகுப்பில் நாங்களும் செய்திருக்கிறோம். ஆண் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு செய்தோம், விரல் வலித்தபோது சிரிப்பு நின்றது. கிறேப் கடதாசியில் சுருக்கங்கள் ஒரு திசையில் ஓடும். இதழின் நீளமும் அந்தத் திசையிலேயே அமைய வெட்ட வேண்டும். மாறி வெட்டினால் இழுபடாது, கிழியும். வெட்டிய இதழின் நடுவில் இரண்டு பெருவிரல்களையும் வைத்துப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால் அது கிண்ணம்போலக் குழியும். மேல் விளிம்பைப் பென்சிலில் சுருட்டி மடிக்க வேண்டும். நூல் நுனியைப் பசையில் தோய்த்து, மஞ்சள் சாயமிட்ட ரவையில் பிரட்டினால் மகரந்தம். சின்ன ரோசாவுக்கு எட்டு இதழ். ஒன்றின் இடைவெளியை அடுத்தது மறைக்கும்படி ஒட்டி, அடியை நூலால் இறுக்கி, கம்பியோடு சேர்த்துப் பச்சை ரேப் சுற்ற வேண்டும். பசை கோதுமை மாவில் காய்ச்சியது. நாட்பட வைப்பதென்றால் பூச்சி அரிக்காமல் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். கை பழகியவளுக்கு ஒரு பூவுக்குப் பன்னிரண்டு நிமிடம். இருநூறு பூவுக்கு இரண்டாயிரத்து நானூறு நிமிடம், அதாவது நாற்பது மணித்தியாலம். வளையம் கட்டியதும் கைப்பட்டி தைத்ததும் இந்தக் கணக்கில் இல்லை.

நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் ஐந்து முழு வேலைநாள். 2025 ஏப்ரலில் இருந்து அந்த ஆண்டில் இந்த நாட்டின் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் நாளொன்றுக்கு 1,080 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் 5,400 ரூபாய் வரும். அவளுக்குக் கிடைத்தது பிரியாணிச் சஹனில் ஓர் இடமும், "கை இல்ல இது, பொன்" என்ற பாராட்டும்.

அதே வீட்டில் மாப்பிள்ளைக்குக் கைக்கூலி கொடுக்கப்பட்டது. தொகை எனக்குத் தெரியும்; எழுதமாட்டேன்.

கைக்கூலி என்ற சொல்லை நாம் நின்று யோசிப்பதில்லை. வாய்க்குப் பழகிப்போய் அதன் பொருள் தேய்ந்துவிட்டது. கைக்கூலி என்றால் கையின் கூலி, கை செய்த வேலைக்கு உரிய கூலி. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலும் இந்தத் தமிழ்ச் சொல் அப்படியே ஏறியிருக்கிறது. சட்டம் சொல்வது, மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள் என்று. ஆகவே அது அவளுடையது. மனைவி காதியிடம் அதைத் திரும்பக் கோரலாம். நடைமுறையில் அது எங்கே போகிறது என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு. கையால் ஒன்றும் செய்யாத ஒருவருக்குக் கொடுப்பதைக் கைக்கூலி என்கிறோம். நாற்பது மணித்தியாலம் கையால் செய்தவளுக்குக் கொடுக்காமல் விட்டதைப் பாசம் என்கிறோம். ஒரு கூரையின் கீழ், ஒரே இரவில், இரண்டு சொற்களும் இடம் மாறி நிற்கின்றன.

இதைப் பேசத் தொடங்கினால் சிலர் பேச்சை வேறு பக்கம் திருப்புவார்கள். கடதாசிப் பூ போலி, போலிக்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்பார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

போலி என்பது ஏமாற்றுவது. பால் என்று தண்ணீரை விற்றால் போலி. கடதாசிப் பூவைக் கண்டு எந்த வண்டும் ஏமாறுவதில்லை, எந்த விருந்தாளியும் ஏமாறுவதில்லை. அது தன்னை மல்லிகை என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. நம் வேலிகளில் பூத்துக் கிடக்கிற போகன்வில்லாவுக்குத்தான் நாம் கடதாசிப் பூ என்று பெயர் வைத்திருக்கிறோம். தென்னமெரிக்காவில் இருந்து வந்த செடி. 1760களில் உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கப்பல் தலைவனின் பெயரைத் தாங்கியது. அதில் நாம் பூ என்று பறிப்பது நிறம் மாறிய இலை. உண்மையான பூ நடுவில் இருக்கிற சிறு வெள்ளைக் குழாய். அதை யாரும் பார்ப்பதில்லை. உயிருள்ள பூவைக் கடதாசி என்கிறோம், கடதாசியைப் பூ என்கிறோம், இரண்டிலும் யாரும் ஏமாறுவதில்லை.

மார்க்கத்தின் பக்கத்தில் இருந்து கேட்பவர்களுக்கும் இதில் தடையில்லை. கைத்தொழிலால் பிழைக்கும் ஒருவர், தாம் உருவங்கள் செய்வதைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்ட செய்தி புகாரியில் உண்டு. செய்துதான் ஆகவேண்டும் என்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள்ளும்படி அவர் வழிகாட்டினார். அந்த அறிவிப்பு இடம்பெறுவது வணிகம் பற்றிய பகுதியில் என்பது எனக்குக் கூடுதலான செய்தி. வந்தவரின் கேள்வி பிழைப்பைப் பற்றியது; கிடைத்த பதில் அந்தப் பிழைப்புக்கு வழிவிட்டது.

வீண்விரயம் என்பவர்களுக்கு அதிகம் சொல்ல இல்லை. ஓர் இரவுக்காக நாற்பது மணித்தியாலம் விரயம்தான் என்றால், அந்த இரவின் விளக்கலங்காரத்தில் இருந்து கணக்கைத் தொடங்குவோம். பூவில் வந்து முடிப்போம். பிளாஸ்டிக் பூமாலையை 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் நம் அரசு தடைசெய்தது, ஒருமுறை பாவித்து எறியும் கரண்டி, கோப்பைகளோடு சேர்த்து. கடதாசி மக்கிப் போகும்.

தமிழ்நாட்டில் தஞ்சாவூரின் நெட்டி வேலையை எடுத்துப் பாருங்கள். நீர்நிலையில் வளரும் செடியின் வெண்மையான உட்சோற்றைச் சீவி, கோபுரமும் மாலையும் செய்கிறார்கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தில் இந்து மணமக்கள் தலையில் அணிகிற வெள்ளை அணிகள் இதே நெட்டிதான். அதைச் செய்பவர்கள் மாலாகார் என்ற பெயரோடு தலைமுறையாக அந்தத் தொழிலில் வாழ்பவர்கள். அங்கே அது தொழில். தொழில் என்று பெயர் வந்ததும் கூலி என்ற சொல்லும் கூச்சமில்லாமல் வருகிறது.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று பட்டப் போட்டி நடக்கும். குடாநாடே திரண்டு போகிறது. அதுவும் கடதாசி, பசை, நூல், பொறுமை. நாட்கணக்கில் இருந்து கட்டுகிறார்கள். மேடை உண்டு, பரிசு உண்டு. கட்டுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். அந்தக் கலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்து நானும் வாய்பிளந்து நின்றிருக்கிறேன். ஆனால் ஒரே கடதாசி ஆணின் கையில் கலையாகிறது, பெண்பிள்ளையின் கையில் ஒத்தாசையாகிறது.

இனி, இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். கூலியே இல்லாத பூவேலை ஒன்றை நான் கண்டிருக்கிறேன். அதில் அநியாயம் எதையும் இன்றுவரை என்னால் காண முடியவில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். எனக்கு அப்போது பத்து வயது. புத்தளத்துப் பக்கம் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கை தொடங்கியது. இரண்டு மூன்று வருடத்தில் முகாமிலும் கலியாணங்கள் நடந்தன. பிள்ளைகள் வளர்வது எந்தப் போருக்காகவும் நிற்பதில்லை. பூ வாங்கக் காசில்லை. எழுதி முடிந்த கொப்பிகளின் தாள்களைப் பெண்கள் சேர்த்தார்கள். பீற்றூட் அவித்த தண்ணீரிலும் மஞ்சளிலும் தோய்த்துக் காயவைத்தார்கள். கொப்பித்தாள் கிறேப் போல இழுபடாது; ஆகவே ஈரம் முழுதாகக் காயுமுன் கரண்டிக் குழியில் வைத்து அழுத்தினார்கள். சாயத்தின் கீழே எழுத்துத் தெரிந்தது. ஒரு ராத்தாவின் கொண்டைப் பூவில் என்னுடைய கூட்டல் கணக்கு இருந்தது. விடை சரி என்று ஆசிரியர் போட்ட கோடும் இருந்தது.

யாரும் கூலி கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. கொடுக்க எவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் மணப்பெண்ணின் உம்மாவும் சாச்சிமாரும் அந்தப் பாயிலேயே இருந்து வெட்டினார்கள். அடுத்த கலியாணம் இன்னொரு கொட்டிலில் நடந்தபோது இந்த மணப்பெண் அங்கே போயிருந்து வெட்டினாள். கொடுத்த கை வாங்கியது, வாங்கிய கை கொடுத்தது. கணக்கு எழுதப்படவில்லையே தவிர, கணக்கு இருந்தது.

இன்றைய வீட்டில் அது நடக்கவில்லை. இருபது பெண்கள் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள். மருதோன்றி போட ஆள் காசுக்கு வந்தாள், முக அலங்காரத்துக்கு ஆள் கொழும்பில் இருந்து காசுக்கு வந்தாள். பாயில் இருந்தது ஒருத்தி மட்டும். அவளுடைய கலியாணத்துக்கு இவர்களில் எவர் வந்து இருநூறு பூ வெட்டுவார்? வழக்கத்தின் சொல் அப்படியே இருக்கிறது, வழக்கம் போய்விட்டது. எங்கட பிள்ளை என்ற சொல் முகாமில் எல்லோரையும் பாயில் இருத்தியது. இங்கே அது ஒருத்தியை இருத்திவிட்டு மற்றவர்களை எழுப்பிவிட்டது.

என் பாடசாலையில் உடன் படிப்பிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் இதை மறுத்தார். அவர் சொன்னது எளிதாகத் தள்ளக்கூடியது அல்ல. "எல்லாத்துக்கும் விலை போட்டா கலியாண வீடு கடையாகிடும். சொந்தத்துக்குச் செய்ததை விலை பேசினா, பேசுற அந்த நிமிஷமே சொந்தம் போயிடும். நீங்கள் அந்தப் பிள்ளைக்கு ஐயாயிரம் வாங்கிக் குடுத்து, ஒரு மாமியை இல்லாமலாக்கப் போறீங்கள்."

உண்மைதான். விலை வந்த இடத்தில் ஏதோ ஒன்று குறைகிறது. கடையில் வாங்கிய சோற்றையும் உம்மா பிசைந்து தந்த சோற்றையும் ஒன்றாக யாரும் நினைப்பதில்லை. நன்கொடையின் அழகே அது விலையற்றது என்பதில் இருக்கிறது. ஆனால் எது நன்கொடை? கொடுக்காமல் இருக்க வழி இருந்தும் கொடுத்ததுதான் நன்கொடை. மறுக்க முடியாத இடத்தில் இருந்து எடுக்கப்பட்டதற்கு வேறு பெயர். வாப்பா இல்லாத பிள்ளை. நாளை அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசவும் இதே மாமியின் வாய்தான் வேண்டும். கடதாசிப் பை வீட்டுக்கு வந்தபோது "ஏலாது" என்று சொல்ல அவளிடம் என்ன இருந்தது?

இந்த இடத்தில் நம் மார்க்கம் மஹரை வைத்திருக்கிற முறையைப் பார்க்கும்படி நண்பரிடம் சொன்னேன். மஹர் மணப்பெண்ணின் உரிமை. அவள் மனமுவந்து அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் கணவன் அதை ஏற்று அனுபவிக்கலாம் என்று அந்நிஸா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கடன் நிலைநாட்டப்படுகிறது. இது உன்னுடையது என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகே விட்டுக்கொடுத்தல் என்ற பேச்சு. மனைவிதானே, பாசம்தானே, மஹர் எதற்கு என்று யாரும் தொடக்கத்திலேயே அதைத் துடைத்துவிட முடியாது. பாசம் மிக நெருங்கிய இடத்திலேயே கடனை முதலில் எழுதச் சொன்ன மார்க்கம் இது. கடன் என்று ஒப்புக்கொள்ளாத ஒன்றை எவராலும் மன்னிக்க முடியாது. மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே கூலியைப் பேசாமல் விடுகிறவர்கள் பிள்ளையிடம் இருந்து இரண்டை எடுக்கிறார்கள். ஒன்று 5,400 ரூபாய். மற்றது, "வேணாம் மாமி, வெச்சிருங்க" என்று சொல்லும் பெருமை. இரண்டாவதுதான் பெரிய இழப்பு என்று கருதுகிறேன். கொடுக்கிறவள் என்ற இடம் அவளுக்கு மறுக்கப்பட்டது. உதவிக்கு நிற்கிறவள் என்ற இடமே மிஞ்சியது.

வேலையாளை வைத்து வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸை வெள்ளிக்கிழமை மேடையில் கேட்காதவர் நம்மில் இல்லை. கேட்கும்போது நம் மனதில் வருவது தோட்டக் கூலி, கட்டடக் கூலி. வீட்டுக்குள் பாயில் இருக்கிறவள் வருவதில்லை. அவளை நாம் 'வைக்கவில்லை', அழைத்தோம் அவ்வளவுதான் என்று மனம் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறது.

பூவேலையில் கூலியைப் பேசிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. 1913இல் மேரி வான் கிளீக் என்ற அமெரிக்கப் பெண்மணி நியூயோர்க் நகரத்தின் செயற்கைப் பூத் தொழிலாளரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அடுக்குமாடி அறைகளில் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் இரவிரவாகத் தண்டும் இதழும் ஒட்டினார்கள். லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களில் அந்தப் பிள்ளைகளின் முகங்களை இன்றும் பார்க்கலாம். அங்கே கூலி இருந்தது. ஒரு குறோஸ், அதாவது நூற்றி நாற்பத்து நான்கு பூவுக்கு இவ்வளவு என்று சில்லறைக் காசு. பாசத்தின் பெயரால் சுரண்டுவது ஒரு வகை, கூலியின் பெயரால் சுரண்டுவது இன்னொரு வகை. நம் நாட்டில் 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயதைப் பதினான்கில் இருந்து பதினாறாக உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் ஒத்தாசைக்கு வயதெல்லை எந்தச் சட்டத்திலும் இல்லை.

பிள்ளையிடமே கேட்டேன். கணக்குக் கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "காசு தரட்டா எண்டு மாமி ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, நான் வேணாமெண்டுதான் சேர் சொல்லியிருப்பன்" என்றாள். பிறகு, கோபமில்லாமல், "கேட்கயில்ல" என்றாள்.

நண்பருக்கு இதைச் சொன்னபோது, "பாத்தீங்களா, அவளே வேணாமெண்டுதானே சொல்றாள்" என்றார். ஒரே வாக்கியத்தை அவர் ஒரு பக்கமும் நான் மறு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இன்னும் தீரவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வீட்டுக் கலியாணத்துக்குப் பூ கேட்டு வந்தார்கள். சொந்தம் இல்லாதவர்கள், விலை என்ன என்று அவர்களே கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் கொப்பியோடு என்னிடம் வந்தாள். நாள் 1,080 ரூபாய், எட்டு மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 135. ஒரு மணித்தியாலத்துக்கு ஐந்து பூ. கடதாசி, கம்பிச் செலவு புறம்பு. வகுத்துப் பார்த்தாள்.

"இருபத்தேழு வருது சேர். முப்பது எண்டு போடட்டா?"